மாங்காட்டில் ஐம்பத்தாறு நிமிடம்: நசரத்பேட்டைத் தோட்ட ரயிலுக்கு ஒரு ஞாயிறு

ஒரே நாளில் போய், இருட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி மட்டும்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். இந்த முறை போனது கள்ளிக்குப்பத்திலிருந்து நசரத்பேட்டைக்கு. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடத்தில் இவ்வளவு பயந்துகொண்டே நான் எங்கும் போனதில்லை. என் கைப்பையில் நெல்லிக்காய் அளவில் ஒரு பித்தளை உருண்டை இருந்தது. நான்கு வாரங்களுக்கு முன்பு, தெரியாமல் நான் எடுத்து வந்துவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். நசரத்பேட்டையில் சேவியர் என்பவரின் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை கிரவுண்டு தோட்டம். அதில் ஏழு பேர் சேர்ந்த ஒரு சங்கம் தொண்ணூற்றாறு மீட்டருக்குக் குட்டித் தண்டவாளம் போட்டிருக்கிறது. ரயில் முழங்கால் உயரம்கூட வராது. பேட்டரியில் ஓடும், கையிலுள்ள ரிமோட்டில் ஓட்டலாம். வேப்பமரத்தடியில் கள்ளிக்குப்பம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மாங்காடு, வாழைகளுக்கு நடுவே நசரத்பேட்டை என்று மூன்று ஸ்டேஷன்கள். நிஜத்தில் ரயிலே எட்டிப் பார்க்காத ஊர்கள் மூன்றும். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் நான் முதலில் அங்கே போனேன். பிறகு விடவில்லை.

அங்கே ரயில் சும்மா சுற்றிச் சுற்றி ஓடாது. மாதம் ஒரு ஞாயிறு, கால அட்டவணைப்படி ஓடும். ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை உண்டு. சிமெண்ட் வேகன் மாங்காட்டில் கழற்றப்பட வேண்டும் என்று அட்டை சொன்னால் அங்கேதான் கழற்ற வேண்டும். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்து மோதாமலிருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு டோக்கன், வளையம் வைத்த பித்தளை உருண்டை. அது கையில் இருப்பவர்தான் அந்தப் பகுதியில் வண்டியை எடுக்கலாம். தோட்டத்தில் எங்கே நின்றாலும் மொத்தப் பாதையும் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தாலும் தெரியாத மாதிரிதான் நடந்துகொள்ள வேண்டும். இதுதான் அங்கே முதல் பாடம்.

போன மாதம் மதியம் வீட்டிலிருந்து அவசர போன் வந்து கிளம்பியவள், மாங்காடு–நசரத்பேட்டை டோக்கனைக் கைக்குட்டையோடு பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போன் சத்தமில்லாமல் பையின் அடியில் கிடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பதினான்கு தவறிய அழைப்புகள். இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை ஐந்து வண்டிகளும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கின்றன. பாதை காலியாகக் கிடந்தும் ஒருவரும் ஓர் அடி நகர்த்தவில்லை. அன்றைக்குப் பார்க்க வந்திருந்த எட்டு விருந்தாளிகளும் நிற்கிற ரயிலைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொண்டுவந்து தருகிறேன் என்று நான் கெஞ்சியதற்கு, அடுத்த மாத ஞாயிறு வரும்போது கொண்டு வந்தால் போதும் என்றார்கள்.

சங்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தப்பு செய்தவர் காலையில் முழுப் பாதையையும் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு ஒரு கூட்ஸ் வண்டியைக் கள்ளிக்குப்பத்திலிருந்து நசரத்பேட்டை வரை, யாரிடமும் யோசனை கேட்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வாய் திறந்து சந்தேகம் கேட்டால் போச்சு. ஓட்டுநர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், அப்புறம் பார்வையாளர் மட்டும்தான்.

நான் வீணை ஆறு மாதம் கற்றுக்கொண்டவள். இந்தி இரண்டு பரீட்சை எழுதியவள். டிரைவிங் லைசென்ஸுக்கு இரண்டு முறை போய் மூன்றாம் முறை போகாதவள். நாற்பத்தாறு வயதில் இதையும் பாதியில் விட்டால் என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்க முடியாது. அதனால் நான்கு வாரமும் சாப்பாட்டு மேஜையில் தீப்பெட்டிகளை வேகன்களாக வரிசை வைத்துக் கழற்றிச் சேர்க்கும் பயிற்சி செய்தேன். "தீப்பெட்டி எல்லாம் ரயிலாப் போயிட்டா அடுப்ப எதால பத்த வைக்கறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் லைட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினேன். அம்பத்தூர் ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஏழு இருபத்திரண்டுக்கு மின்சார ரயில், ஆவடிக்கு ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடம். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் சாதாரண பஸ், பெண்களுக்கு இலவசம். சுமார் பத்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் கடந்தது. ஞாயிறு என்பதால் இந்த நாற்பது. மற்ற நாளில் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். பூந்தமல்லியில் பெங்களூர் சாலைப் பக்கம் ஷேர் ஆட்டோ, மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய். இறங்கி எழுநூறு மீட்டர் நடை. சரியாக ஒன்பது மணிக்கு வாசலில் நின்றேன். வழி நெடுக ஐந்து முறை பையைத் திறந்து உருண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சேவியரும் அவர் மனைவி ஜெசிந்தாவும் காலைப் பூசை முடித்து வந்து, நல்ல உடுப்பை மாற்றாமலே ஸ்டேஷன்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். டோக்கனை சேவியர் கையில் கொடுத்தேன். "வந்துட்டீங்களே, அது போதும்" என்றார். சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு: டோக்கனைப் பையிலோ ஜோப்பிலோ போடக் கூடாது, கையில் அல்லது கொக்கியில் மட்டும். யாருக்காக எழுதியது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

வேப்பமரத்தடி மேஜையில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். தென்காசிக்காரர், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. டோக்கன்களை லேத்தில் கடைந்து கொடுத்தவரும் அவர்தான். போக்குவரத்துக் கட்டுப்பாடு முழுக்க அவர் கையில். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஒரு பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்.

தொண்ணூற்றாறு மீட்டரைக் குத்துக்காலிட்டுக் கூட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். வேப்பம்பூ, வாழைச்சருகு, இரண்டு நத்தை, தண்டவாளத்துக்கு அடியில் ஓர் எறும்புப் புற்று. ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. எழுந்து நின்றபோது முட்டி இரண்டும் என்னைத் திட்டின. எனக்கும் கோபம் வந்தது, ஆனால் கோபப்பட என்னைத் தவிர ஆள் இல்லை.

பன்னிரண்டு இருபதுக்கு என் வண்டி. ஆறு வேகன். கள்ளிக்குப்பம் ஸ்டேஷன் மாஸ்டரான ஜெசிந்தா முதல் பகுதியின் டோக்கனை என் கையில் வைத்து, "நல்லா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, இது சட்டத்துக்கு உட்பட்டதா என்று கோமதிநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாங்காட்டில் நான் மூன்றாவது வேகனைக் கழற்றி ஓரப் பாதையில் விட வேண்டும். அங்கே காலியாக நிற்கும் வேகனை எடுத்து வால் பக்கம் சேர்க்க வேண்டும். அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து பாசஞ்சர் வண்டி வந்துவிடும். அதை ஓட்டிவருபவர் செல்வம், பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டுபவர். அவர் கொண்டுவரும் டோக்கனை வாங்கிக்கொண்டு நான் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்ப வேண்டும்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குச் செல்வத்தின் வண்டி வந்து நின்றது. நான் குனிந்து வேகன் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதே நேரம் பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், உடனே பூந்தமல்லிக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். "அஞ்சே நிமிஷம்க்கா, வந்துர்றேன்" என்று செல்வம் சொன்னதும் ஆட்டோ கிளம்பிய சத்தமும் காதில் விழுந்தன. நான் நிமிரவில்லை. தீப்பெட்டிப் பயிற்சி வீண்போகவில்லை. ஒன்பது நிமிடத்தில் வேகன்களைச் சரியாகக் கோத்துவிட்டேன். சந்தோஷமாக நிமிர்ந்து, டோக்கன் மாட்டும் ஸ்டேஷன் கொக்கியைப் பார்த்தால், கொக்கி காலி.

சேவியர் உடனே போன் போட்டார். செல்வத்தின் போன் என் பக்கத்திலேயே, மாங்காட்டை ஒட்டிய வீட்டு ஜன்னலில் சார்ஜில் கிடந்து பாடியது.

பன்னிரண்டு ஐம்பது ஆனது. ஒரு மணியும் ஆனது. சமையலறையிலிருந்து பிரியாணி வாசம் வந்தது. நசரத்பேட்டை வரை என் கண்ணெதிரே பாதை காலியாகக் கிடந்தது. ஓர் அணில் மட்டும் அதைத் தாண்டிப் போனது.

"போங்க மேடம். லைன் காலியாத்தானே இருக்கு. இது உங்க தப்பு இல்ல, நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார் சேவியர். மனசார, என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"அப்ப போன மாசம் மூணு மணி நேரம் எதுக்கு நின்னீங்க?"

கோமதிநாயகம் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பினால் கேட்டதாகிவிடும். முதல் பகுதி டோக்கனைக் கொக்கியில் மாட்டினேன். ரிமோட்டைப் பிளாட்பாரத்தில் வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.

எழுநூறு மீட்டர் வெயில். ஷேர் ஆட்டோ, அதே இருபது ரூபாய். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஆட்டோ நிறுத்தத்தில் செல்வம் ஒரு கையில் ரோஸ் மில்க்கோடு குன்றத்தூர் சவாரி ஒன்றுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, நீ இங்க வந்துகினு கீற? வண்டி இன்னாச்சு?"

"உன் ஜோப்புல இன்னா கீதுன்னு பாரு, செல்வம்."

காக்கிச் சட்டைப் பையைத் தொட்டார். முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. போன மாதம் ஆவடி வழியாக வீட்டுக்குப் போய்ப் பையைக் கொட்டிப் பார்த்தபோது எனக்கு இதே முகம்தான் இருந்திருக்கும்.

"ஐயோ! கஸ்மாலம் புடிச்ச புத்தி எனக்கு. ஒரு போன் அடிச்சிருந்தா ஓடி வந்துருப்பேனே!"

"உன் போன் மாங்காட்டுல சார்ஜ் ஏறிகினு கீது."

குன்றத்தூர்க்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். போகிற வழியிலேயே டோக்கனைப் பின்பக்கமாக நீட்டினார்.

"இந்தாக்கா, புடி."

"இங்க வேணாம். ஸ்டேஷன்ல குடு."

"இன்னாக்கா நீ, கோமதிநாயகம் சாரவிட மோசமா கீற" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கை நீட்டவில்லை.

ஒன்று நாற்பத்து நான்குக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். பிரியாணிப் பாத்திரம் மூடியபடியே இருந்தது. ஜெசிந்தா கள்ளிக்குப்பத்தில் நின்றார். சேவியர் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். மற்ற உறுப்பினர்களும் நான் விட்டுப் போன இடங்களிலேயே, மத்தியான வெயிலில், பசியோடு. ஒரு வண்டிகூட நகரவில்லை. போன மாதம் நான் செய்ததை அதுவரை காதால்தான் கேட்டிருந்தேன். அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இவர்களை நான் மூன்று மணி நேரம் இப்படி நிற்க வைத்திருக்கிறேன்.

மாங்காட்டுப் பிளாட்பாரத்தில் செல்வம் டோக்கனை என் கையில் கொடுத்தார். ஒன்று நாற்பத்தாறுக்கு வண்டியை எடுத்தேன். ஆறு நிமிடம். வாழைகளுக்கு நடுவே வேகம் குறைத்து, கோட்டில் இன்ஜின் மூக்கு நிற்கும்படி நிறுத்தினேன்.

போக நினைப்பவர்களுக்கான விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல வேறொன்று இருக்கிறது. போக ஒரு வழிக்கு எனக்கு நாற்பத்தைந்து ரூபாயும் இரண்டு மணி பத்து நிமிடமும் ஆனது. ஆண்கள் பஸ் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளவும். பத்து மணிக்குள் போய்விடுங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், அது ஒரு குடும்பத்தின் வீடு. தொப்பியும் தண்ணீரும் அவசியம். முட்டி வலி உள்ளவர்கள் தப்பு எதுவும் செய்யாமலிருப்பது நல்லது. பார்க்க மட்டும் போகிறவர்கள், ரயில் ஏன் நிற்கிறது என்று கேட்காதீர்கள். நிற்பதும் அங்கே வேலைதான்.

வண்டி சேர்ந்ததும் ஓட்டுநர் பதிவேட்டில் எழுத வேண்டும். கோமதிநாயகம் அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். தாமதம் என்ற கட்டத்தில் ஐம்பத்தாறு நிமிடம் என்று எழுதினேன். அடுத்த கட்டம், காரணம். செல்வம் என் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார். அவர் பெயரை எழுதலாம், அது உண்மையும்கூட. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு பக்கம் முன்னால் புரட்டினேன். போன மாதத்துப் பக்கம். நான்கு வாரமாக என் பெயர் அங்கே எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன். அன்றைக்கு எந்த வண்டியும் சேராததால் கோமதிநாயகத்தின் கையெழுத்தில், ஐந்து வண்டிகளுக்கு எதிரேயும் ஒரே வரிதான் இருந்தது: டோக்கன் இல்லை. என் பெயர் எங்கேயும் இல்லை.

பக்கத்தைத் திருப்பி, காரணம் என்ற கட்டத்தில் நானும் எழுதினேன்: டோக்கன் இல்லை.

கோமதிநாயகம் கண்ணாடியை இறக்கி அதைப் படித்தார். அன்றைக்கு என்னிடம் முதல் முறையாகப் பேசினார்.

"ரெண்டே முக்காலுக்கு அஞ்சாம் நம்பர் பாசஞ்சர். நீங்கதான் எடுக்கீங்க. போயிச் சாப்பிடுங்க, லேட்டாக்கிராதீங்க."