செவ்வாயில் ஆடு இல்லை

நான் எழுதிய ஒரு கதை செவ்வாய்க் கிரகத்தில் நடக்கிறது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு பெரிய குடியிருப்பு. அங்கே ஒருத்தியிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. அவளுக்குக் காற்று உண்டு, தண்ணீர் உண்டு, சாப்பாடு உண்டு. பேச்சு மட்டும் கிடையாது. அதைப் படித்த ஒருவர், "செவ்வாயைக்கூட நம்பிட்டேன் மேடம். அத்தனை பேர்ல ஒருத்தர்கூடப் பேச மாட்டாங்கங்கறதைத்தான் நம்ப முடியல" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செவ்வாயைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மற்றது கண்ணால் பார்த்தது.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கிறது. பெயர் வேண்டாம். நல்ல ஊர்தான், கோபம் வராதவரைக்கும். அப்பா கடலுக்குப் போகிறவர். தடைசெய்த வலையைப் போட்டுக் குஞ்சு மீனையெல்லாம் அள்ளுகிறார்கள் என்று மீன்துறை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனது பெரிய குற்றம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் ஊர்க் கமிட்டி கூடி எங்களை ஊர்விலக்கு வைத்தது. எங்களோடு யாரும் பேசக் கூடாது. கடையில் சாமான் கொடுக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்கு அவர்கள் வரக் கூடாது, நாங்களும் போகக் கூடாது. மீறினால் அவர்களுக்கும் அதே கதி. அப்பா மன்னிப்புக் கேட்டால் எடுத்துவிடுவார்கள். அவர் கேட்கவில்லை. அந்த வீம்பில் எனக்குப் பெருமை இருந்தது. ஆனால் அது அம்மாவின் தலையில் விடிந்ததால் ஆத்திரமும் இருந்தது.

அப்பாவின் வள்ளத்தைத் தள்ள ஆள் இல்லாமல் போனதால், அவர் தருவைகுளத்தில் வேறொருவர் போட்டில் வேலைக்குப் போனார். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். எனக்குத் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்கள். என் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். உட்கார்ந்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளும்போல. ஆனாலும் ஆபீசில் எனக்கு வாயடிக்க ஆள் இருந்தது. அம்மாவுக்குப் பகல் முழுக்க யாருமில்லை.

எதிர்வீடு பெரியம்மாவுடையது. அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பெரியம்மாவின் மகன் கமிட்டியில் இருந்தான். முதல் காரியமாகத் தன் அம்மாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டான். பெரியம்மா லேசுப்பட்ட ஆளில்லை. வாசலில் ஆட்டைக் கட்டிப்போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அதனிடம் பேசத் தொடங்கினார்.

"ஏ ஆடே, பேத்திக்குக் காய்ச்சல் விட்டுட்டுளா. இன்னைக்கு சாளைக் கொழம்பு வச்சேன், புளி கூடிப்போச்சு."

ஆட்டோடு பேசக் கூடாது என்று கமிட்டி சொல்லவில்லையே. அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டே கையிலிருந்த வாரியலிடம் பதில் சொல்வார். "ஏ வாரியலே, புளி கூடுனா ரெண்டு சில்லு தேங்கா அரைச்சு ஊத்த வேண்டியதுதான?"

அந்த நாட்களில்தான் நான் செவ்வாய்க் கதையை போனில் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதுகிறாய் என்று அம்மா கேட்டபோது வாசித்துக் காட்டினேன்.

"பாவம், அவளுக்கு ஒரு ஆட்டைக் குடுளா" என்றார் அம்மா.

"செவ்வாய்ல ஆடு கெடையாதும்மா."

"ஆளைக் கொண்டு போவானுவளாம், ஆட்டைக் கொண்டு போவ மாட்டானுவளாமா? நல்லா எழுதுத, போ."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஊர்விலக்கு வைத்த பிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யாரோ கமிட்டியில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆடு வாசலில் இல்லை, பின்பக்கம் கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டுக் கதவும் சாத்தியே கிடந்தது. அம்மா குப்பையில்லாத வாசலைத் திரும்பத் திரும்பப் பெருக்கினார். வாரியலிடம் ஏதாவது சொல்லிவிட்டு எதிரே பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் அக்கா குரல், அவ்வளவுதான். நான் அப்பாவிடம் சண்டை போட்டேன்.

"உங்க நியாயத்தை நீங்களே வச்சுக்கிடுங்க. அம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்."

அப்பா எதிர்வீட்டின் சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு, "திருவிழாக் கொடியேத்தத்துக்கு வாரேன். எல்லாரும் இருக்கும்போது மன்னிப்புக் கேட்டுருதேன்" என்றார். அம்மா அன்று முதல் கொடியேற்றத்துக்காகக் காத்திருந்தார்.

கொடி ஏறுவதற்கு முன்பே ஒரு காலையில் கோயிலில் துக்க மணி அடித்தது. யாருக்கு என்று நினைப்பதற்குள் எதிர்வீட்டில் அலறல் கேட்டது. பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லையாம்.

அம்மா தலைமுடியை முடியாமல் தெருவைத் தாண்டி ஓடினார். பெரியம்மாவின் மகன், என் அண்ணன், வாசலில் நின்றிருந்தான். வராதே என்று சொல்வதும் பேச்சு என்பதால் அவன் ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நிலையில் கையைக் குறுக்கே வைத்தான். அந்தக் கையை ஒடித்துப்போட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. அம்மா திரும்பி வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக ஒப்பாரி வைப்பதில்லை. ஒருத்தி எடுத்தால் மற்றவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்வார்கள். அம்மா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து எடுத்தார். "எங்கூடப் பொறந்தவளே, எம்மொகத்தைப் பாக்காமப் போறியே..."

எதிர்வீட்டில் அழுதுகொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. அம்மாவோடு சேர்ந்து அழுதால் அதுவும் பேச்சாகிவிடுமே. அம்மா மறுபடியும் எடுத்தார். சாவு வீட்டில் பேச்சுமூச்சில்லை.

"நிறுத்தாதிய. இன்னும் சத்தமா அழுங்கம்மா. கேக்கட்டும்" என்றேன் நான்.

அம்மா எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அழுதா அவளுக்கு அழ ஆளில்லாமப் போயிரும்ளா" என்றார்.

பிறகு முந்தானையைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எதிரே ஒருத்தி எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.