மலையில் கொட்டியது

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. வரி ரசீதில் அது இருக்கும். மற்றபடி ஊர் முழுக்க அவருக்கு மட்டம் என்றுதான் பெயர். பாலத்தடியில் தூண்டில் கடை வைத்திருந்தார். கடை வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலை ஏழு மணிக்கு ஆற்றின் நீர்மட்டத்தை அதில் எழுதிவைப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். மனைவிக்குக் கோபம் வந்தால் மட்டும், "பேரு சும்மாவா வச்சாங்க" என்பாள். அப்போது அதன் இன்னொரு அர்த்தம் தலைகாட்டும். மூன்றாவது அர்த்தம் ஊரில் உள்ள மேலதிகாரிகளுக்குத் தெரியும். பலகையில் நல்ல சேதி இருக்கிற நாளில் வங்கியில் இரண்டு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார், நீதிமன்றத்தில் ஒரு குமாஸ்தா என்று வரிசையாக மட்டம் போட்டுவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் மீன் பிடித்ததே இல்லை. மீன் வாடை அவருக்கு ஆகாது. மண்புழுவைக் கையால் தொடமாட்டார். கரண்டியால் அள்ளி டப்பாவில் போட்டுக் கொடுப்பார். ஆனால் ஆற்றைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். அவர் கணக்கில் ஆற்றுக்கு நான்கு நிறங்கள்: தண்ணி, கறுப்பு டீ, பால் டீ, சேறு. தண்ணியாக இருந்தால் உங்கள் சட்டைப் பொத்தானை மீன் எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பால் டீயில் மீனுக்குப் புழு தெரியாது. ஏறிய வெள்ளம் இறங்க ஆரம்பித்து, ஆறு கறுப்பு டீயாக மாறுகிற அந்த அரை நாள் இருக்கிறதே, அப்போது கெளுத்தி கரையோரமாக வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த அரை நாளை முன்கூட்டியே சொல்வதுதான் வித்தை.

"வானம் இருட்டிக்கிட்டு வருதே, நாளைக்கு ஆறு ஏறுமா?" என்று யாராவது கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"உங்க தலைக்கு மேல பெய்யுறது உங்களைத்தான் நனைக்கும். ஆத்துக்கு மலையில பெய்யணும்."

மலையில் பெய்த மழை பாலத்துக்கு வந்து சேர ஒன்றரை நாள். மலையில் என்ன பெய்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது என்று ஊருக்குத் தெரியாது. காலையில் பாலத்தின் நடுவில் நின்று விரலை நாக்கில் நனைத்து உயர்த்திப் பிடிப்பார். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சுவார். பிறகு வந்து, நாளைக்கு ஆறு எப்படி இருக்கும் என்றும் எழுதுவார். பத்தில் ஒன்பது தடவை சரியாக இருக்கும். காற்றை மோந்தே சொல்லிவிடுகிறார் என்று ஊர் நம்பியது. அவரும் மறுக்கவில்லை.

உண்மையில் மலையில் அவருடைய கொழுந்தியாள் இருந்தாள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் அக்காளுக்குப் போன் செய்வாள். நாற்பது நிமிடத்துக்குக் குறையாது. கடைக்குப் பின்னாலேயே வீடு. சமையலறைக் கதவை ஒட்டித்தான் புழு டப்பாக்கள் வைக்கிற குளிர்பெட்டி இருந்தது. சரியாக ஆறு மணிக்கு அதை அடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்துவிடும். மனைவி பேசுகிற பாதிதான் கேட்கும், அது போதும். "துண்டு காயலையா?" என்றால் மலையில் இரண்டு விரற்கடை மழை. "போர்வையுமா?" என்றால் நாலு. கொழுந்தியாள் துவைக்கவே இல்லை என்றால் படகை மேலே ஏற்றிக் கட்டச் சொல்ல வேண்டியதுதான். பதினான்கு வருடங்களாக ஊரின் மீன்பிடிப்பு அந்த வீட்டுக் கொடிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அது கொழுந்தியாளுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பாலத்தின் மேல் விரலை நனைப்பதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

அந்த வருடம் தூண்டில் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. எதையும் முத்திரை குத்திப் பார்க்கிற மனிதர். பாலத்தில் மின்பலகை வைத்துத் தர நகராட்சி தயாராக இருக்கிறது, சங்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சேதி கொண்டுவந்தார்.

"ஞாயித்துக்கிழமை போட்டி வருதில்ல," என்றார் கடைக்கு வந்து. "உங்க பலகை சொன்னபடி ஆறு இருந்துச்சுன்னா மின்பலகை வேணாம்னு நானே எழுதிடறேன். இல்லேன்னா இந்தக் கரும்பலகையைக் கழட்டிக்கங்க."

"தாராளமா," என்றார் மட்டம். கடையில் ஆள் வருவதே பலகையைப் பார்க்கத்தான். தூண்டில் முள்ளும் நரம்பும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பலகை போனால் அவர் வெறும் புழு விற்கிறவர்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு நின்றார். மனைவியின் குரல் எடுத்த எடுப்பிலேயே உயர்ந்தது.

"என்னடி சொல்ற? கொட்டுதா? ... நேத்துலேர்ந்தேவா? ... ஐயையோ, வர வரக் கொட்டுதா? ... நிக்கவே இல்லையா?"

மட்டத்தின் கையில் டப்பா அப்படியே நின்றது.

"குளியலறையில தண்ணி போகாம அடைச்சுக்கிச்சா? ... வெளியில தலை காட்டாதே. போனாலும் தலையை மூடிக்கிட்டுப் போ. ... இப்படியே கொட்டினா அப்புறம் என்னடி மிச்சம் இருக்கும்?"

பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு மழையை அவர் கேட்டதில்லை. துண்டு, போர்வை என்ற பேச்சே இல்லை. மலையே கரைந்து வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை பாலத்துக்குப் போனார். அன்று விரலை நனைக்கக்கூடத் தோன்றவில்லை. நேராக வந்து எழுதினார்:

"மலையில் நிற்காத மழை. நாளைக் காலை ஏழடி ஏறும். சேறு. மணல்திட்டில் யாரும் இறங்க வேண்டாம்."

தலைவர் போட்டியைத் தள்ளிவைத்தார். படகுக்காரர் மூன்று கயிறு போட்டுப் படகை மரத்தோடு கட்டினார். கரையோர ரொட்டிக்கடைக்காரர் மாவு மூட்டைகளை மாடிக்கு ஏற்றினார். அதில் இடுப்புப் பிடித்துக்கொண்டு அவரும் மாடியிலேயே தங்கிவிட்டார். துணி வெளுக்கிறவர் குளிர்சாதனப் பெட்டியை மேசை மேல் ஏற்றி, மேசையைக் கட்டில் மேல் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் முழுக்கப் பாலத்தின் மேல் நின்றது. கீழே ஆறு முழங்கால் ஆழத்தில் கறுப்பு டீ நிறத்தில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. வார நடுவில் பெய்த தூறலில் லேசாக ஏறி, இப்போது இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதாவது வருகிற அந்த அரை நாள்.

"வரலையே?" என்றார் வங்கிக்காரர், வராத ரயிலைப் பற்றிச் சொல்வது போல.

"வழியில எங்கயாவது நின்னுருக்கும்," என்றார் படகுக்காரர்.

"வெள்ளம் எங்கய்யா நிக்கும்? டீ குடிக்கவா?"

ஒருவரும் இறங்கவில்லை. ஏழடி என்று எழுதியிருக்கிறது. எழுதியது வந்தால்தானே இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்? பத்து மணிக்கு எல்லோருக்கும் ஆற்றின் மீதுதான் கோபம் வந்தது. அப்போதுதான் மணல்திட்டில் ஒரு ஆள் குடையின் கீழ் உட்கார்ந்திருப்பதை யாரோ பார்த்தார்கள். பல் டாக்டர். முந்தின நாள் கண்ணாடி உடைந்துவிட்டதால் அவர் பலகையைப் படிக்கவில்லை. போட்டி தள்ளிப்போனது தெரியாமல், மற்றவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே பதினேழு கெளுத்தி பிடித்திருந்தார்.

பதினொரு மணி பஸ்ஸில் கொழுந்தியாள் வந்து இறங்கினாள். தலையை இறுக்கிக் கட்டிய துணி, கையில் பை. பாலத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய், யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

"வெள்ளத்துக்காகக் காத்திட்டிருக்கோம்," என்றார் தலைவர். "நீங்க மலையிலேர்ந்துதானே வர்றீங்க? அங்க மழை எப்படி?"

"மழையா? மூணு நாளா ஒரு சொட்டு இல்லையே."

தலைவர் திரும்பி மட்டத்தைப் பார்த்தார். மட்டம் தன் செருப்பைப் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி தங்கையை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைத்துணியை அவிழ்த்தாள். மட்டம் வாசலிலேயே நின்றுவிட்டார். இடுப்பு வரை இருந்த முடி. இப்போது உச்சந்தலையில் இரண்டு இடத்தில் தோல் தெரிந்தது.

"இதுதான் கொட்டினது," என்றாள் கொழுந்தியாள், அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "டாக்டர் மருந்து குடுத்திருக்காரு. நின்னுடும்ங்கறாரு. பார்ப்போம்."

அவருக்குக் காதில் விழுந்த ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக நினைவுக்கு வந்தது. குளியலறை அடைப்பு. தலையை மூடிக்கிட்டுப் போ.

"வர வரக் கொட்டுதுன்னு..." என்று தானாகவே வாயில் வந்துவிட்டது.

மனைவி சட்டென்று திரும்பினாள். "வர வரயா? வார வாரன்னு சொன்னேன். சீப்பு போட்டு வார! அது சரி, நான் போன்ல பேசினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கண் குளிர்பெட்டிக்குப் போனது, அங்கிருந்து வாசல் பலகைக்குப் போனது, திரும்பி அவர் முகத்துக்கு வந்தது.

"பதினாலு வருசமா?" என்றாள்.

"தினமும் இல்ல," என்றார் அவர். "வெயில் காலத்துல கேக்க மாட்டேன்."

"கேட்டியாடி? வெயில் காலத்துல நம்ம பேச்சு அவருக்கு வேண்டாமாம். என் தங்கச்சி தலையை எடுத்து ஊருக்கே வெள்ளம்னு எழுதி வச்சிருக்காரு. போன் பேசுற இடத்துல புழுப்பெட்டி!" பெட்டியை ஒரே தள்ளில் கடைப்பக்கம் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே கொழுந்தியாள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு கடைசியில் வேறு மாதிரி ஆகி அடங்கியது. அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை சங்கம் கூடியது. தலைவர் எதிரே காகிதம் தயாராக இருந்தது.

"ஒரே ஒரு கேள்வி. மலையில மழைன்னு யார் சொன்னது?"

"தப்பு என்னோடதுதான்."

"அது தெரியுது. காரணம் என்ன?"

"சொல்ல முடியாதுங்க."

"ஏன்?"

"குடும்ப விஷயம்."

"மழை எப்படிய்யா குடும்ப விஷயமாகும்?" என்றார் மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்பட்ட ரொட்டிக்கடைக்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

"உங்க பலகையால என் இடுப்பு போச்சு. காரணமாவது சொல்லக்கூடாதா?" என்று மறுபடியும் கேட்டார்.

மட்டத்துக்குக் காரணம் சொல்லத்தான் ஆசை. போனில் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றால் போதும், பாதிப்பேர் மன்னித்துவிடுவார்கள். அடுத்த கேள்வி, யார் பேசினார்கள் என்று வரும். அதற்கடுத்தது, என்ன பேசினார்கள். எந்த நூலை இழுத்தாலும் போய் முடிகிற இடம் அந்த நாற்காலியும் அவிழ்த்த துணியும்தான். இந்த அறையில் இருபது பேர். இருபது பேருக்கும் வீட்டில் பேச ஆள் இருக்கிறது.

"காத்து தப்பா அடிச்சிருச்சு," என்றார்.

மின்பலகைக்குப் பதினாறு கை உயர்ந்தது. உயர்த்தாத நாலு பேரில் பல் டாக்டரும் ஒருவர். "எனக்கு அந்தப் பலகையால ஒரு குறையும் இல்ல," என்றார். அன்று சாயங்காலமே மட்டம் கரும்பலகையைக் கழற்றினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கொழுந்தியாள் கேட்டாள், "என்னாச்சு அத்தான்?"

"போச்சு."

"என் தலையைப் பத்திச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கல்ல?"

"விட்டிருப்பாங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்றதுக்கு அது என் தலையா?" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். இரண்டு நாளாகத் தள்ளி வைத்த தண்ணீர்ச் செம்பை மனைவி அன்று கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.

"இவ்வளவுக்கும் என்னையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள் கொழுந்தியாள். "நான் என்ன கடிச்சா வைப்பேன்?"

மறுமாதம் பாலத்தில் மின்பலகை வந்தது. சிவப்பு எழுத்தில் நீர்மட்டம் ஓடும். பாலத்தில் நிற்கிறவன் குனிந்து பார்த்தாலே தெரிகிற விஷயத்தை அது தலைக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொருவராகக் கடைக்குள் வந்து, முள் வாங்குகிற சாக்கில், குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தலைவர் உட்பட. அவர் ஒரே வாரத்தில் நாற்பது முள் வாங்கினார்.

கொழுந்தியாள் மலைக்குத் திரும்பிய பிறகு ஆறேகாலுக்குத்தான் அக்காளோடு பேச்சு, கதவு சாத்தியிருக்கும். அதற்கு முன்னால், சரியாக ஆறு மணிக்குக் கடைப் போன் அடிக்கும். "அத்தான், ரெண்டு விரக்கடை. வச்சிடறேன்." அவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. அவரும் "சரிம்மா" என்பதோடு வைத்துவிடுவார். இப்படியே மூன்று மாதம் போனது.

மலையில் ஐந்து நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு சாயங்காலம், தலைவர் இன்னும் ஒரு முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது.

"அத்தான், நின்னுடுச்சு."

மட்டம் வழக்கம்போல "சரிம்மா" என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும் என்று கேட்டார்:

"எதும்மா நின்னுச்சு?"

"ரெண்டும்தான்," என்றாள் கொழுந்தியாள்.

அவர் போனை வைத்தார். நாளை மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து ஆறு நன்றாக இருக்கும் என்று தலைவரிடம் சொன்னார். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, "கொழுந்தியாளைக் கேட்டேன்," என்றார்.