மேல் கதவு, கீழ் கதவு

ஒன்பது வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அல்வாலில் எங்கள் வீட்டு மாடியில் பெரியப்பா குடும்பம், கீழே நாங்கள். பின்னால் கிடந்த துண்டு நிலம் யாருக்கு என்ற தகராறில் பெரியப்பாவும் அப்பாவும் பேச்சை அறவே நிறுத்தியிருந்தார்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே மோட்டார், ஒரே தண்ணீர்த் தொட்டி. பேசாமல் எப்படி ஓடும்? “உங்க அப்பாகிட்ட மோட்டார போடச் சொல்லு” என்று மாடியிலிருந்து ஒரு குரல் வரும். “போட்டாச்சுன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு” என்று கீழிருந்து இன்னொரு குரல் வரும். படியேறி இறங்கிச் சொல்வது என் வேலை.

இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் இதே கூத்துதான். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாகவே விழும். நான் திருப்பிச் சொல்லும்வரை விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். எனக்கோ பெருமை தாங்காது. என் வகுப்பில் வேறு யாருக்கு இவ்வளவு பெரிய வேலை?

அந்த வருஷம் திருமுல்கேரியில் எங்கள் தமிழ்ச் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் பெரியப்பா கால்வாய் லாக் ஒன்றின் மாதிரியைச் செய்தார். கோதாவரிக் கால்வாய்ப் பக்கம் வேலை பார்த்தபோது, மேட்டுத் தண்ணீரிலிருந்து பள்ளத் தண்ணீருக்குப் படகை இறக்குவதைப் பார்த்து மயங்கியவர் அவர். உயரத்தில் ஒரு தகரத் தொட்டி, தாழ்வாக இன்னொன்று, நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெட்டியின் இரு முனையிலும் தூக்கி இறக்கும் கதவுகள். படகு பெட்டிக்குள் வந்ததும் மேல் கதவை மூட வேண்டும். பிறகு கீழ் கதவைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் வடியும், படகும் நோகாமல் இறங்கும். மேல் கதவை மூடாமல் கீழ் கதவைத் திறந்தால் போச்சு. மொத்தத் தண்ணீரும் பாய்ந்து படகைக் கவிழ்த்துவிடும்.

தெர்மாகோலில் செய்து சிவப்புப் பூசிய படகு என்னுடையது. அதில் எரியும் மெழுகுவர்த்தி அணையாமல் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் காணிக்கைப் பொருள்களின் ஏலத்தைத் தொடங்குவேன் என்று போதகர் வேறு அறிவித்துவிட்டார். கூடமே எங்களைச் சுற்றி நின்றது. மேல் கதவைப் பிடிக்க வேண்டிய வாலிபர் சங்கத்து அண்ணனைக் கடைசி நிமிஷத்தில் பெரியம்மா பிரியாணி பரிமாற அனுப்பிவிட்டார். அம்மா, அப்பாவின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

படகைக் கயிற்றால் இழுத்துப் பெட்டிக்குள் கொண்டுவந்தேன். “மேல் கதவ மூடச் சொல்லு உங்க அப்பாகிட்ட” என்றார் பெரியப்பா. சொன்னேன். “இன்னும் ஒரு விரக்கடை இருக்கு, பொறுக்கச் சொல்லு” என்றார் அப்பா. நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா கீழ் கதவைத் தூக்கிவிட்டார். நான் சொல்லவில்லையே, அவருக்கு எப்படிக் காதில் விழும்? தண்ணீர் பாய்ந்தது. படகு குப்புற விழுந்தது. கூடம் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேல் தொட்டியைத் திரும்ப நிரப்பியதும், படகைத் துடைத்து, புது மெழுகுவர்த்தி ஏற்றி, மறுபடி பெட்டிக்குள் கொண்டுவந்தேன். “உங்க அப்பாகிட்ட சொல்லு...” என்று பெரியப்பா ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“நக்கோ பெரியப்பா, முடியாது. நீங்களே சொல்லுங்க. நான் கேப்டன்.”

மேல் கதவின் இடுக்கு வழியே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. படகு ஆடியது. சுடர் சாய்ந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“ஏல தம்பி, மேல் கதவு மூடிட்டியால?”

அப்பா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையாலும் அதை அழுத்தினார்.

“மூடிட்டேண்ணே. நீங்க மெதுவா தொறங்க.”

“போதுமால?”

“இன்னும் கொஞ்சம்ணே.”

தண்ணீர் வடிய வடியப் படகு சாதுவாக இறங்கியது. கீழ் கதவு முழுதாகத் திறந்தது. மெழுகுவர்த்தி எரிய எரிய என் படகு கீழ்த் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. போதகர் என்னைத் தூக்கிப் பெஞ்சின் மேல் நிறுத்தினார். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவ்வளவு அழகான படகு அது, அழமாட்டார்களா பின்னே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். மோட்டார் ஓடியது, நின்றது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாடியில் அப்பாவின் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சபை நடுவில் பெரியவரை எதிர்த்துப் பேசியதற்காக என் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். அதன் பிறகு ரொம்ப நாள், யார் எதைச் சொன்னாலும் நக்கோ சொல்லாமல் நல்ல பிள்ளையாக இருந்து பார்த்தேன். வேலையைத் திருப்பித் தரவே இல்லை.