துவக்கின் வாயில் ஓர் இரும்புத் துண்டு

நான் டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்துக்கு வந்து சேர்ந்த காலத்தில் தமிழ் வழக்குத்தான் தொலைக்காட்சியில் பேச்சு. அகதியாக வந்த கணவரோடு சேர எங்களைப் போன்ற குடும்பங்கள் போட்ட விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டது யார் என்று அமைச்சர் உட்படப் பெரிய பெரிய ஆட்களை இருத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிடப்பில் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. கலியாணம் முடிந்த கையோடு இங்கே வந்துவிட்ட கணவரை விமான நிலையத்தில் கண்டபோது அவருடைய நெற்றி பெரிதாகியிருந்தது. "ரெண்டு கோட்டு கொண்டு வந்தனான். ரெண்டையும் போடும்," என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. இரண்டையும் போட்டுக்கொண்டு கார்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

அவர் துணி ஆலையில் பின்னல் இயந்திரங்களைத் திருத்துகிறவர். காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். எனக்கு மொழிப் பள்ளிக்கூடம் முடிந்தால் வீடு, வீடு விட்டால் யன்னல். கீழ்வீட்டில் ஒரு டேனிஷ்காரி தனியாக இருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. நல்ல உயரம், நல்ல குரல். படியில் காணும்போதெல்லாம் எனக்கு விளங்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். ஒருநாள் கையைப் பிடித்துத் தன் குசினிக்கே கூட்டிப்போய்விட்டாள்.

மேசையில் ஒரு கைத்துவக்கு கிடந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் துவக்கைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு விலகி நடந்து பழகியவள் நான். அவளோ துவக்குக்குப் பக்கத்திலேயே கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். விளையாட்டு மண்டபத்தின் நிலவறையில் சுடும் சங்கம் ஒன்று இருக்கிறதாம், கிழமைக்கு ஒருநாள் கடதாசி வட்டத்தைப் பார்த்துச் சுடுவார்களாம், பிறகு எல்லாரும் கோப்பி குடிப்பார்களாம். "நீயும் வா. பள்ளிக்கூடத்தைவிட அங்கே கதை கூட," என்றாள்.

துவக்குக்குப் பக்கத்தில் துணியில் சுற்றிய இரும்புத் துண்டு ஒன்றும் இருந்தது. ஜெர்மனியில் இருக்கிற தமையன் கொடுத்ததாம். துவக்கின் வாயில் அதைப் பொருத்தி ஒரு சின்னத் திருகாணியால் இறுக்க வேண்டும். அவளுடையது ஒரு வெடி தீர்ந்ததும் அடுத்த குண்டு தானாகவே ஏறிக்கொள்கிற வகை. ஒவ்வொரு வெடிக்கும் வாய் மேலே துள்ளும். இந்தத் துண்டின் மேல்பக்கத்தில் உள்ள கீறல்களால் புகை மேல்நோக்கிப் பாய, துள்ளல் அடங்குமாம்.

"சத்தத்தையும் அடக்குமோ?" என்று சைகையால் கேட்டேன்.

"ஐயோ, இல்லை! அதுக்குப் பொலிஸ் அனுமதி வேணும். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம்," என்றவள், துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கும் கேட்டுவிட்டுத்தான் பூட்ட வேண்டும்."

அவளோடு பொலிசுக்குப் போகப்போவதாக அன்றிரவு நான் சொன்னதும் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். "உமக்கு விசரே? இப்பதான் வந்து இறங்கினனீர். துவக்கோட பொலிசிட்டைப் போகப் போறீரோ?"

"துவக்கு அவவின்ரை. நான் சும்மா கூடப் போறன்," என்றேன்.

பொலிஸ் நிலையத்து வாசலில் நான் அவளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். இளம் பொலிஸ்காரர் ஒருவர் எங்களை இருக்கச் சொல்லிக் கோப்பி ஊற்றித் தந்தார். எனக்குத்தான் முதலில் தந்தார். துண்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். உள்ளே போய் வேறு ஒருவரைக் கேட்டுவிட்டு வந்தார். இது சத்தத்தை அடக்குகிற சாமான் இல்லை, துவக்குக்கு உள்ள அனுமதியே போதும் என்றார். "ஆனால் போட்டிக்கு வேறு விதி இருக்கும். அதைச் சங்கத்தில் கேளுங்கள்." வெளியே வந்ததும் நான் சிரிக்கத் தொடங்கினேன். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. பொலிஸ் நிலையத்துக்குள் போய்க் கோப்பி குடித்துவிட்டு வெளியே வந்த கதையை எங்கள் ஊரில் யாருக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்பதை விளக்குமளவுக்கு என்னிடம் டேனிஷ் இருக்கவில்லை.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன், ஹோர்சன்ஸ் என்ற ஊரில் ஒரு போட்டி. பரிசு ஒரு தாரா வாத்து. "நானும் வாறன்," என்றார் என் கணவர். "உங்களைத் தனிய விடேலாது." உண்மையில் அவருக்கும் பார்க்க ஆசை. தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

வாசலில் சாமான்களைச் சோதிக்கிற தாத்தா ஒருவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். அவரிடம் ஒரு மரப்பெட்டி. துவக்கு அந்தப் பெட்டிக்குள் மூடி தட்டாமல் அடங்க வேண்டும். அவளுடையது அடங்கவில்லை, இரும்புத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தாத்தா கீறல்களில் விரலை வைத்தார். "நீளம் ஒரு பிழை. இது இன்னொரு பிழை. துள்ளலை அடக்குகிற எதுவும் இந்தப் போட்டிக்கு ஆகாது."

"பொலிஸ் சரி என்றதே!"

"பொலிசுக்குச் சரிதான். நான் பொலிஸ் இல்லை," என்றார் தாத்தா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

கழற்றப் பார்த்தால் ஆணி அசையவில்லை. அவள் ஒரு முறை, தாத்தா ஒரு முறை, பின்னால் நின்ற தடித்த மனிதர் ஒரு முறை திருகிப் பார்த்தார்கள். என் கணவர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல வந்து, "இஞ்சை தாங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, வேலைக் கோட்டுப் பையிலிருந்து திருகாணி கழற்றுகிற எலன் கீக் கொத்தை எடுத்தார். தாத்தா குண்டு இல்லை என்பதை இன்னொருமுறை பார்த்துவிட்டுத் துவக்கை நீட்டினார். துவக்கென்றால் முகம் வெளிறுகிற என்னுடைய மனுசன், அதை இயந்திரத்தின் ஒரு உறுப்பைப் போலப் பிடித்து, ஒரு பக்கம் தட்டி, மறுபக்கம் திருக, துண்டு கையோடு வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவருடைய காது இரண்டும் சிவந்துபோயின.

துண்டு இல்லாத துவக்கு துள்ளத்தான் செய்தது. இருந்தும் அவள் மோசமில்லாமல் சுட்டாள். தேநீர் இடைவேளையில் அந்தத் தாத்தா எங்களிடம் வந்து, புதியவர்களுக்கு ஒரு சுற்று இருக்கிறது, மெத்தையில் படுத்துக்கொண்டு சின்னத் துவக்கால் சுடுவது, தானே பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அத்தனை பேருக்கு முன்னால் நான் குப்புறப் படுப்பதா? கணவரைப் பார்த்தேன். "படும், படும். நானும் படுக்கிறன்," என்றார்.

படுத்தோம். தாத்தா என் தோளைச் சரிசெய்து, மூச்சை விட்டுவிட்டு அழுத்து என்றார். முதல் வெடிக்குக் கண்ணை மூடிவிட்டேன். இரண்டாவதுக்கு மூடவில்லை. பிறகு கறுப்பு வட்டம் மட்டும்தான் தெரிந்தது. பயம் எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது. முடிந்து பார்த்தால் என் கடதாசியில் சுட்டதைவிடக் கூடுதலான ஓட்டைகள். என் கணவருடைய கடதாசியிலோ ஒன்றுகூட இல்லை. அவர் முழுவதையும் என் கடதாசியில் சுட்டிருந்தார்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதிப்படி இதை எண்ண முடியாது. ஆனால் கணவன் மனைவி சேர்ந்து சுடுவதற்கு எதிராகவும் விதி எதையும் நான் படித்ததில்லை," என்று சொல்லி, ஆறுதல் பரிசாக ஓர் உறைந்த தாராவை என் கையில் தந்தார்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாரா எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கறியானது. கீழ்வீட்டுக்காரி கண்ணீரும் மூக்குமாக இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தொலைக்காட்சியில் வழக்குச் செய்தி வந்தது. முள்ளுக்கரண்டியைத் திரையை நோக்கி நீட்டினாள்.

"என் துவக்குக்கு ஒரு துண்டு பூட்ட நான் பொலிசைக் கேட்டேன். பிறகு பெட்டிக்குள் அடங்கவில்லையென்று கழற்றினேன். அமைச்சர் என்றால் சட்டம் வேறா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உன்னை இத்தனை காலம் அங்கே நிற்கவைத்தது எனக்கு வெட்கம்."

அவளுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். என் கணவர்தான் பேச்சை மாற்றினார். வருசம் முழுக்க வேலையைத் தவிர வேறெதையும் விசாரிக்காத மனுசன், முட்டி முட்டி டேனிஷில் கேட்டார்:

"சங்கத்தில் சேர என்ன செய்ய வேண்டும்?"