ஈரப்புல்லில் வழுக்கிய சக்கரம்

தரைக்குள் ரேடார் அலைகளை அனுப்பிப் படமெடுக்கும் வண்டியைத் தள்ளுவது அவர் வேலை. பெரும்பாலும் புதைந்த குழாய்களைத் தேடுவார். மறைந்த நிலப்பிளவுகளையும் அதே படத்தில் காணலாம் என்பதைத் தாமே படித்துத் தெரிந்துகொண்டவர். முன்பொரு முறை அவர் காட்டிய பிளவை "வேலிக் கம்பியின் எதிரொலிப்பு" என்று ஒதுக்கி, தோண்டிப் பார்க்காமலேயே மேலதிகாரிகள் அவரைக் குழாய் வேலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் படங்கள் இன்றும் தேதிவாரியாக அவரிடம் உள்ளன.

இம்முறை, பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடம் எழவிருந்த மைதானம். மண்ணடுக்குகள் ஓரிடத்தில் அறுபட்டு ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதைப் படம் காட்டியது. அதே சாக்கு எழாதிருக்க, வேலியைவிட்டு விலகி வண்டியை இன்னொரு தடத்திலும் ஓட்டினார். அங்கும் அதே அறுப்பு. நில ஆய்வாளர் அம்மையார் ஒரே ஒரு குழிக்கு அனுமதி பெற்றார். குழியில் பிளவு தென்படாவிட்டால் அஸ்திவாரம் அங்கேதான். பிளவு உண்மையில் அடியில் இருந்து, நிலம் அசைந்தால் கட்டடம் வாய் பிளக்கும்.

பொக்லைன் ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி.

"மச்சான், ஆழமா வெட்டியாச்சு. அடுக்கெல்லாம் நேரா இருக்கு. உங்க பிளவு லீவு போட்டிருச்சா?"

"வாயையும் எஞ்சினையும் கொஞ்சம் நிறுத்து, மாப்ள."

அம்மையார் குழியின் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எதுவும் உடையலையே சார். மூடிடலாமா?"

அவர் தம் ரேடார் வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அது சுழல்வதை வைத்தே வண்டி தூரத்தைக் கணக்கிடும். தடம் ஓட்டிய காலையில் புல் நனைந்திருந்தது. சக்கரம் சுழலாமல் வழுக்கிய தூரமெல்லாம் கணக்கில் ஏறியிருக்காது.

"தப்பு என்னோடதுதான் மேடம். டேப் பிடிச்சுச் சரிபார்க்காம விட்டுட்டேன். ஆனா பிளவு இருக்கு, இன்னும் கொஞ்சம் தள்ளி. குழியை அந்தப் பக்கம் நீட்டுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அக்காகிட்டயும் இப்படித்தான் இழுப்பாரு," என்று முணுமுணுத்தபடி மைத்துனன் எஞ்சினை முடுக்கினான்.

சற்று நேரத்தில் அவன் கை தானாக நின்றது. மஞ்சள் மணல் அடுக்கு கத்தியால் வெட்டியதுபோல் முடிந்தது. அதன் மிச்சம் முழங்கால் அளவு கீழே தொடர்ந்தது.

அம்மையார் குழிக்குள் இறங்கி அந்த அறுப்பைத் தொட்டுப் பார்த்தார். "கட்டடத்தை நகர்த்தணும் சார். ஆனா இது எந்தப் பக்கம் போகுது?"

"காட்டறேன் மேடம்" என்றவர், பிளவு நீண்ட திசையைக் கண்ணால் அளந்து, பிள்ளைகளின் குரல் கேட்டுக்கொண்டிருந்த பழைய வகுப்பறைகள் பக்கம் வண்டியைத் திருப்பினார்.