கை தூக்குன ஆளோட முதுகு

மத்தியாஸ் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவன். கண்டியில ஒரு ஸ்டூடியோவுல கம்ப்யூட்டர் வேல. கல்யாண அல்பத்துல பொண்ணோட மொகப்பருவ அழிக்கிறது, மாப்பிள மூடுன கண்ணத் தொறக்கிறது. நானும் அங்கதான், கெமரா தூக்குறவன். பய ஒரு எடத்துல அடங்கி இருந்து நான் பாத்ததில்ல. கதிரையில ஒக்காந்தாலும் முழங்கால் ஆடிக்கிட்டே இருக்கும்.

ரெண்டாயிரத்து எட்டுல அவன் கைக்கு ஒரு சீடி வந்துச்சு. அதப் போட்டா கம்ப்யூட்டருக்குள்ள களிமண் உருண்ட ஒண்ணு. மவுஸால இழுத்தா மூக்கு, அமுக்குனா கண்ணுக்குழி. பய அதுலயே கெடந்தான். இவன் வேல கேட்டு எழுதியிருந்த, கேம் செய்யிற கொழும்புக் கம்பனி ஒண்ணு, ஜெயிச்ச சந்தோஷத்துல ரெண்டு கையையும் தூக்கி நிக்கிற ஆள செஞ்சு அனுப்பு, நல்லா இருந்தா வேல தாறோம்னு மெயில் போட்டுச்சு. அதுக்கப்புறம் சோத்துப் பார்சலக்கூட நின்னுக்கிட்டேதான் திம்பான்.

முன்பக்கம் சுமாரா வந்துச்சு. பின்பக்கம் திருப்புனா தோள் ரெண்டும் ஹேங்கர்ல மாட்டுன கோட்டு. முன்னுக்க எடுத்த ஒரே போட்டோவ பாத்து செஞ்சா இப்பிடித்தான்னு அவனுக்கே வெளங்கிருச்சு. பாஸ்போட் போட்டோவுக்கு வாற ஆம்பளைங்கள எல்லாம் திரும்பி நிக்கச் சொல்ல ஆரம்பிச்சான்.

ஒரு நாள் ஸ்ரீஸ்கந்தராசா சேர் வந்தாரு. யாழ்ப்பாணத்து ஆளு, கச்சேரிங்கிற அரசாங்க ஒபிஸ்ல இருந்து பென்சன் போனவரு. அந்த நேரம் பாத்து இவன் என்கிட்ட சத்தமா, "பொடி முடிஞ்சிருச்சு, தல தனியா கெடக்கு, கொழும்புக்கு அனுப்பணும்"ங்கிறான். எங்களுக்கு பொடின்னா ஒடம்பு. சேருக்கு பொடியன். அதுவும் சண்ட நடந்த அந்தக் காலத்துல பொடியன்னா சும்மா பொடியன் இல்ல, இயக்கத்து ஆளு. சேர் கொரல எறக்கி, "தம்பி, உதுகளை உப்பிடிக் கதையாதையும். நான் வாறன்"னுட்டு போட்டோவே எடுக்காம நழுவிட்டாரு.

நான் அவரு மாதிரியே மூக்குக்கண்ணாடியத் தள்ளிக் கதைச்சுக் காட்டுனேன். மொதலாளி றபாய்தீன் நாநாவுக்குச் சிரிப்பு வரல. முன்ன ஒரு கலவரத்துல கடை ஒண்ணு எரிஞ்சத பாத்த மனுசன். கம்ப்யூட்டரத் தொறந்தா வரிசையா முதுகு. "மகன், ஆமி வந்து இது யாருட முதுகு எண்டு கேட்டா நான் என்னத்த சொல்ற? எல்லாத்தயும் அழி." முதுகு போட்டோவ எல்லாம் அழிச்சான்.

அன்னைக்கு வீட்டுக்குப் போற பஸ்ஸ ஆமிக்காரங்க மறிச்சு ஆம்பளைங்கள எறக்குனாங்க. சிங்களத்துல "அத உஸ்ஸன்ன"ன்னதும் வரிசையா கை தூக்குனோம். மத்தியாஸுக்கு முன்னுக்க கொழுந்து லொறி ஓட்டுற பழனியாண்டி அண்ணன். மழையில சட்ட முதுகோட ஒட்டியிருந்துச்சு. கை மேல போக, தோளுக்குப் பின்னால இருக்கிற தட்ட எலும்பு சரிஞ்சு வெளிப்பக்கம் திரும்புது. இவன் என் காதுல, "எலும்பும் கூடவே வருதுடா. நான் செய்யிற ஆளுக்கு கைய மட்டும் தூக்கிட்டு எலும்ப கீழயே விட்டுட்டேன்"ங்கிறான். பேசாம நில்லுடான்னா கேக்கணுமே. சாஞ்சு சாஞ்சு பாக்குறான்.

ஆமிக்காரன் கிட்ட வந்து, என்ன பாக்குறன்னு கேட்டான். இவன் உண்மைய சொல்லிட்டான். "பிட்ட, சேர்." முதுகத்தான்னு. எங்க ரெண்டு பேரையும் ஓரமா நிக்க வச்சாங்க. ஐடென்டிட்டி கார்டு கைமாறி கைமாறிப் போச்சு. பஸ் போயிருச்சு. விட்டதும் நடந்தோம். நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு வாறேன், அவன் ஒரு கையத் தூக்கி மத்த கையால தன் முதுகத் தடவிக்கிட்டு வாறான்.

மறுநாளே திருத்தி அனுப்பிட்டான். பதில் வந்துச்சு. தோள் பிரமாதமாம். ஆனா இது ஜெயிச்ச ஆள் மாதிரி இல்ல, பயந்த ஆள் மாதிரி இருக்கு, மாத்துன்னாங்க.

கம்ப்யூட்டர் ஆளோட வெரல மடக்கிப் பாத்தான், நாடியத் தூக்கிப் பாத்தான். சரி வரல. கடைசியில என்னைய பிடிச்சான். "நீதான் எல்லாரையும் மாதிரி செய்வியே, ஜெயிச்சவன் மாதிரி நில்லு."

ஊர்ல உள்ள அத்தன பேரோட கொரலும் எனக்கு வரும். இது என்ன பெரிய வேலன்னு கை தூக்குனேன். கிளிக் பண்ணுனான். ரெண்டு பேரும் பாத்தோம். உள்ளங்கை முன்னுக்க, வெரல் பத்தும் விரிஞ்சு.

"அன்னைக்கு பஸ்ஸ விட்டு எறக்குன மாதிரி நிக்கிறியேடா"ன்னான். திருப்பித் திருப்பி எடுத்தும் அதே ஆள்தான் வந்தான்.

கடைசியில கம்பனிக்கே எழுதிட்டான்: இங்க அப்பிடிக் கை தூக்குற ஆள் கெடைக்கல, உங்ககிட்ட போட்டோ இருந்தா அனுப்புங்க, பின்பக்கமும் வேணும்னு.

கம்பனி ஒபிஸ்லயே நாலு பேர நிக்க வச்சு எடுத்துப் பாத்தாங்களாம். நாலும் அவன் அனுப்புன ஆள் மாதிரியேதானாம். திங்கக்கெழம வந்து சேரு, இங்க இருந்து தேடுவோம்னு போட்டிருந்தாங்க.