அக்கா இருந்த தெரு

எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தது, தலைமன்னார் இறங்குதுறைக்குப் போகும் பழைய தெருவில். இந்தியக் கப்பலுக்குப் போகிறவர்களும் வந்திறங்குகிறவர்களும் அந்தத் தெருவால்தான் நடக்க வேண்டும். தேநீர்க்கடை, துணிக்கடை, பயணிகள் தங்கும் அறைகள் என்று இரு பக்கமும் நெருக்கி நின்றன. அப்பா துறையில் மூட்டை சுமந்தார். அம்மா இடியப்பம் அவித்து விற்றார். எங்களைத் தாய்க்குத் தாயாக வளர்த்தவர் அக்காதான்.

கப்பல் சேவை நின்றது. கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. மிஞ்சியவர்களைப் போர் துரத்தியது; அக்காவின் கணவரையும் அதுவே கொண்டுபோனது. நாங்கள் வள்ளமேறி இந்தியக் கரைக்குப் போய், அகதி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்து திரும்பியபோது, தெருவில் இடிந்த சுவர்களும் உடைமரங்களும் கழுதைகளும்தான் இருந்தன. அக்காவை மன்னார் நகரிலுள்ள என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பிள்ளைகள் இல்லாத அவரை நிழலில் வைத்துப் பார்ப்பதாக எனக்கு ஒரு பெருமை.

தலைமன்னாரில் எங்கள் கோயில் திருநாளில் மாதாவின் சொரூபம் வைத்த கூட்டைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கொண்டுவருவார்கள். ஓராண்டு, பழைய தெருவுக்குள் போகாமல் புதிய வீதியோடு சுற்றுப்பிரகாரத்தை முடித்துவிடலாம் என்று கோயில் கூட்டத்தில் பேச்சு வந்தது. அக்கா எழுந்து நின்று மறுத்தார்.

கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஒருத்தரும் இல்லாத தெருவுக்க மாதாவைக் கொண்டுபோய் ஆருக்குக் காட்டுறது, அக்கா?"

"அப்ப நான் போய் இருக்கிறன்."

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். "வயசு போன நேரத்தில உங்களுக்கு என்ன விளையாட்டு இது?"

"கத்தாதை தம்பி. கூரைக்குத் தகரம் வாங்கித் தா."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அக்கா. வாங்கிக் கொடுத்தேன். எங்கள் பழைய வீட்டின் அத்திவாரத்தில் ஒரு கொட்டில் எழுந்தது. திருநாள் தோறும் எங்கள் வாசலை மட்டுமல்ல, அந்தத் தெருவின் எல்லா வாசல்களையும் அவரே கூட்டினார். இடிந்த வாசற்படலை ஒவ்வொன்றிலும் மெழுகுதிரி ஏற்றினார். "இது தையற்கார மாமா வீட்டுப் படலை, கொஞ்சம் நில்லுங்கோ" என்று கூட்டை மறிப்பார். சுமப்பவர்கள் தோள் நோக முணுமுணுத்தாலும் நின்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுவிடச் சிரமப்பட்ட நாள்களிலும் அக்கா தன் வருத்தத்தைப் பேசவில்லை. "இனி அந்தத் தெருவில ஆர் இருக்கினம், தம்பி?" என்றுதான் கேட்டார். நான் வெளியே போய் அழுதேன். அந்தக் கேள்வியோடுதான் அவர் கண்ணை மூடினார்.

இவ்வாண்டுத் திருநாளுக்கான கூட்டம் அண்மையில் நடந்தது. சுற்றுப்பிரகாரப் பாதையைப் பற்றிப் பேச வந்தபோது மூப்பர் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"நான் அங்கதான் இருக்கிறன், மூப்பர்" என்றேன்.

ஓம், அக்காவின் கொட்டிலில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அன்று நான் அக்காவிடம் கத்திக் கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டு, என் மனைவியும் கூடவே வந்துவிட்டாள்.

அக்காவைப் பார்த்த வைத்தியர்கள், தாதியர், நற்கருணை கொண்டுவந்த பங்குச் சுவாமி, பெட்டியைச் சுமந்த தோள்கள், அடக்கத்தன்று சமைத்துத் தந்த அயலவர் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் நினைவாக வரும் இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அந்தத் தெருவில் ஒரு படலை உண்டு. இந்தத் திருநாளுக்கும் வாசல்களை நான் கூட்டி வைக்கிறேன். கழுதைகளையும் துரத்தி விடுகிறேன். மெழுகுதிரியை மட்டும் நீங்கள் வந்து ஏற்றுங்கள்.